தூளிப் பிள்ளைக்கு யார் காவல்?

விடியற்காலை பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒரு தாய் தன் நான்கு வயது மகளை ஆயாக் கொட்டகையில் விட வருகிறாள். ஒரு கையில் பிள்ளையின் சாப்பாட்டுச் சட்டி. மறு கையில் ஒரு காகிதம். "எங்கள் பிள்ளைக்குத் தடுப்பூசி போட எங்களுக்கு விருப்பமில்லை. அதற்கு நாங்களே பொறுப்பு. தயவு செய்து பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளவும்" என்று அதில் எழுதி, கணவனும் மனைவியும் கையொப்பம் வைத்திருக்கிறார்கள். ஆயா அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மாலையில் நம் கிளைச் செயலாளரிடம் வந்தார். "தம்பி, இதை நான் வாங்கி வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுத்துவிடுவதா? வாங்கினால் மற்றப் பிள்ளைகளை நினைத்துப் பயமாயிருக்கிறது. திருப்பினால் அந்தப் பெண் நாளைக்கு எப்படி வேலைக்குப் போவாள்?" என்று கேட்டார்.

செயலாளருக்கும் விடை தெரியவில்லை. அவர் நமக்கு எழுதினார். அந்த ஆயாவின் கேள்விக்குத்தான் இவ்வாரம் நாம் பதில் எழுதுகிறோம்.

முன்போல் எல்லாத் தோட்டங்களிலும் ஆயாக் கொட்டகை இல்லை என்பதை நாம் அறிவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோன நம் மக்கள், இன்று பிள்ளைகளைத் தனியார் பராமரிப்பு நிலையங்களிலும் பாலர் பள்ளிகளிலும் விட்டுவிட்டு ஆலை வேலைக்குப் போகிறார்கள். கொட்டகை என்றாலும், தஸ்கா என்றாலும், பாலர் பள்ளி என்றாலும், நடத்துகிறவர்களின் மேசைக்கு இப்படிப்பட்ட கடிதம் ஒருநாள் வந்தே தீரும். ஆகவே நாம் கூறுவது அனைவருக்கும் பொருந்தும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

மலேசியாவில் பராமரிப்பு நிலையங்களுக்கு 1984-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பாலர் பள்ளிகளுக்கு 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்கு ஊசி போட்டே ஆகவேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்நாட்டில் இன்று இல்லை. 2016-ல் மலாக்காவிலும் கெடாவிலும் தொண்டை அடைப்பான் நோயால் குழந்தைகள் மாண்டபோது கட்டாயச் சட்டம் வேண்டும் என்று குரல் எழுந்தது. 2019-ல் மறுபடியும் எழுந்தது. ஒவ்வொரு முறையும் குரல் அடங்கிப்போயிற்று. அண்டை நாடாகிய சிங்கப்பூரில் தொண்டை அடைப்பானுக்கு 1962 முதலும், தட்டம்மைக்கு 1985 முதலும் ஊசி சட்டப்படி கட்டாயம். அங்கே அந்தத் தாயின் கடிதத்துக்குச் சட்டமே பதில் சொல்லிவிடும். இங்கே அந்தச் சுமை முழுவதும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஓர் ஆயாவின் தலையில் வந்து விழுகிறது. இது நியாயமன்று. ஆயினும் சட்டம் வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள், நோயும் காத்திருக்காது.

ஒரு சிறு கணக்கு

கடிதம் கொடுக்கும் பெற்றோர், "எங்கள் பிள்ளைக்கு நாங்களே பொறுப்பு" என்கிறார்கள். தங்கள் பிள்ளைக்கு அவர்கள் பொறுப்பு என்பதை யாரும் மறுக்கவில்லை. பக்கத்துத் தூளியில் கிடக்கும் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்பதே நம் கேள்வி.

2023 ஜனவரி முதல் நாள் தொட்டு இந்நாட்டில் பிரசவ விடுமுறை 98 நாள். அந்த 98 நாளும் முடிந்ததும் தாய் காட்டுக்குத் திரும்புகிறாள். மூன்று மாதம் கடந்த பச்சைக் குழந்தை ஆயாக் கொட்டகைத் தூளிக்கு வருகிறது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் முதல் ஊசி எப்போது? ஒன்பதாம் மாதத்தில். இரண்டாவது பன்னிரண்டாம் மாதத்தில். அப்படியானால், தூளிக்கு வந்த நாளிலிருந்து ஏறத்தாழ ஆறு மாத காலம் அந்தக் குழந்தைக்குத் தட்டம்மையைத் தடுக்கும் ஊசி கிடையாது. அதன் பெற்றோர் ஊசியை மறுத்தவர்கள் அல்லர். ஊசி போடும் வயது அதற்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அந்த ஆறு மாதமும் அதற்குக் காவல், அதைச் சுற்றி ஓடியாடும் பெரிய பிள்ளைகளின் உடம்பில் இருக்கும் ஊசியே.

தட்டம்மை என்பதை நம் பெரியவர்கள் மணல்வாரி என்பார்கள். ஏதோ குழந்தைகளுக்கு வந்து போகும் சின்ன நோய் என்று பலர் நினைக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளியின் அருகில் இருந்தால் ஒன்பது பேரைப் பிடித்துக்கொள்ளும் நோய் அது. நோய் கண்ட பிள்ளை எழுந்து வெளியே போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்த அறையின் காற்றில் கிருமி நிற்கும். உடம்பில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அது பரவும். ஆகையால், "காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துக்கொள்கிறோம்" என்று பெற்றோர் கொடுக்கும் உறுதிமொழி போதாது. தெரியவரும்போது காரியம் கைமீறியிருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான் அந்நோய் ஓரிடத்தில் கால் ஊன்றாது என்று மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். முப்பது பிள்ளைகள் உள்ள கொட்டகையில் இரண்டு பிள்ளைகளுக்கு ஊசி இல்லையென்றாலே அந்தக் கணக்கு உடைந்துவிடுகிறது.

2019-ல் கிளந்தானில் குவாலா கோ பழங்குடிக் கிராமத்தில் தட்டம்மை புகுந்து பாதேக் மக்களின் உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், இருபத்தேழு ஆண்டுகளாகத் தலைகாட்டாத இளம்பிள்ளை வாதம் சபாவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றைத் தாக்கியது. 2000-ஆம் ஆண்டில் இந்நோய் ஒழிந்த நாடு என்று பெயர் வாங்கிய மலேசியா, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அதனுடன் போராட வேண்டியதாயிற்று. "இப்போதெல்லாம் ஏது அந்த நோய்?" என்று கேட்கிறவர்களுக்கு இவையே பதில்.

சங்கத்துக்குத் தெரிந்த நியாயம்

தொழிலாளத் தோழர்களுக்கு இந்த நியாயத்தை நாம் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தில் எல்லாரும் சந்தா கட்டிச் சங்கத்தை நிறுத்துகிறார்கள். சங்கம் போராடிச் சம்பள உயர்வு வாங்குகிறது. சந்தா கட்டாத ஒருவரும் அந்த உயர்வைப் பெற்றுக்கொள்கிறார். ஒருவர் அப்படி இருந்தால் சங்கம் தாங்கும். அவரைப் பார்த்துப் பத்துப்பேர், ஐம்பதுபேர் அப்படியே செய்தால் சங்கமும் இராது, உயர்வும் இராது. அதே சமயத்தில், நோயில் படுத்துவிட்ட உறுப்பினரிடம் எந்தக் கிளையும் சந்தா கேட்பதில்லை. அவருடைய பங்கை மற்றவர்கள் சுமக்கிறார்கள். சங்கத்தின் பெருமையே அதில்தான் இருக்கிறது.

ஊசி விலக்கும் இத்தகையதே. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு உயிருள்ள கிருமியைத் தளர்த்திச் செய்யும் தட்டம்மை ஊசியைப் போடக்கூடாது. முன்பு போட்ட ஊசியால் மூச்சுத் திணறி மயங்கி விழுந்த பிள்ளைக்கு அதே ஊசியை மறுபடி போடக்கூடாது. இவர்களுக்கு உரியதே விலக்கு. ஊசி போட்டுக்கொள்ளக் கூடிய ஒரு பிள்ளைக்கு நாம் விலக்கு எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும், ஊசி போட்டுக்கொள்ள முடியாத பிள்ளையின் பங்கிலிருந்தே அதை எடுத்துக் கொடுக்கிறோம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

கடிதம் ஒன்று, காரணம் பல

ஆனால் கடிதம் கொண்டுவரும் பெற்றோர் எல்லாரையும் ஒரே தராசில் நிறுப்பது பெருந்தவறு. நாம் பல கிளைத் தோழர்களிடமும் ஆயாக்களிடமும் பேசிப் பார்த்ததில், விருப்பமில்லை என்று எழுதுகிறவர்களில் பலருக்கு உண்மையில் விருப்பமின்மை காரணமன்று.

சிலருக்குக் காரணம் கூலி. பிறந்தபோது போடுவது போக, இரண்டாம் மாதம் தொடங்கிப் பதினெட்டாம் மாதத்துக்குள் ஒரு பிள்ளையை ஒன்பது தடவை சுகாதாரக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். நாட்டின் குடிமக்களுக்கு ஊசி இலவசம். கிளினிக்குக்குப் போகும் நாள் இலவசம் இல்லை. பிள்ளைக்கு ஊசி போடப் போகும் நாளுக்கென்று சம்பளத்துடன் கூடிய தனி விடுமுறை சட்டத்தில் கிடையாது. வெட்டுக்குப் போகாத நாளுக்குக் கூலி எங்கே? இரண்டு தடவை தவறியவள் மூன்றாம் தடவை நர்ஸ் ஏசுவாரோ என்று கூசிப் போகாமலே இருந்துவிடுகிறாள். கடைசியில் அவமானத்தை மறைக்க, "எங்களுக்கு ஊசியில் நம்பிக்கையில்லை" என்று எழுதிக் கொடுக்கிறாள்.

சிலருக்குக் காரணம் பத்திரம். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, அல்லது பத்திரத்தில் குடியுரிமை இல்லை. கிளினிக் வாசலில் என்ன கேட்பார்களோ, எவ்வளவு கட்டச் சொல்வார்களோ என்னும் அச்சம் அவர்களை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது. நம்மோடு தோளுக்குத் தோள் நின்று வேலை செய்யும் அயல்நாட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நிலையும் இதுவே. கிருமி பத்திரம் பார்த்து வருவதில்லை என்பதை அதிகாரிகளுக்கு நினைவூட்டுகிறோம்.

சிலருக்குக் காரணம் பயம். கைப்பேசியில் வந்து விழும் செய்திகள் அவர்களை உறங்கவிடுவதில்லை. ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும், பேச்சு வராது என்ற வதந்தி அவற்றுள் முதலாவது. 1998-ல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் பன்னிரண்டே பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய கதை அது. அக்கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டில் அவருடைய மருத்துவர் பதிவும் பறிக்கப்பட்டது. 2019-ல் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து, ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வெளியிட்டார்கள். ஊசி போட்ட இரவு காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம், பிள்ளை அழலாம். அதை மறைக்கக் கூடாது. முன்கூட்டியே தாயிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மறைத்த சிறு காய்ச்சலே மறு ஊசிக்குப் பெரும் பகையாகிறது.

சிலருக்குக் காரணம் பக்தி. அம்மை என்பது அம்மன் வருகை. அதை ஊசியால் தடுப்பது குற்றம் என்று நினைக்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை எள்ளி நகையாடுவதற்கு நாம் ஒருப்படோம். நம் தோட்டங்களில் லயம் எழும்பிய காலத்திலேயே மாரியம்மன் கோயிலும் எழும்பியது. வேப்பிலைக்கும் கஞ்சிக்கும் ஊசி விரோதியன்று. பெரியம்மைக்கு அம்மைப்பால் குத்திக்கொண்டே நம் முன்னோர் ஆடித் திருவிழாவும் எடுத்தார்கள். பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று 1980-ல் அறிவிக்கப்பட்டது. திருவிழா இன்றும் நடக்கிறது.

இவர்கள் எல்லாரையும் கழித்தபின், எல்லாம் கேட்டும் எல்லாம் அறிந்தும் "வேண்டாம்" என்பவர் மிகச் சிலரே. அந்தச் சிலருக்காக வகுத்த கடுமையை மற்ற எல்லார்மேலும் காட்டுவது அறிவுடைமை ஆகாது.

ஆயாவுக்கு நம் பதில்

இனி, நம்மைக் கேட்ட ஆயாவுக்கு நேரடியாகவே கூறுகிறோம்.

அம்மா, அந்தக் காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். விலக்கு அளிக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. அந்தப் பழியும் உங்களுக்கு வேண்டாம். ஆனால் காகிதத்தை முகத்தில் வீசித் திருப்பியும் கொடுக்காதீர்கள். மற்றத் தாய்மார் காதில் விழாத இடத்தில் அவளை உட்காரவைத்து, "எதற்காகப் பயப்படுகிறாய், பிள்ளே?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். வேறு எந்தப் பிரசாரத்தைவிடவும் அந்தக் கேள்வி பெரிய வேலை செய்யும்.

சேர்க்கும் நாளிலேயே எல்லாப் பிள்ளைகளின் சுகாதாரப் புத்தகத்தையும் பாருங்கள். சிலரிடம் மட்டும் கேட்டால் மனஸ்தாபம் வரும்; எல்லாரிடமும் கேட்டால் அது ஒழுங்கு. ஊசி தவறிப்போன பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் முதல் ஊசிக்கு ஒரு நாள் குறித்து, ஒரு மாதத்துக்குள் கிளினிக்குக்குப் போய்வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விட்டதைத் தொடக்கத்திலிருந்து மறுபடி போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று தாய்க்குச் சொல்லுங்கள். பலருக்கு அது தெரியாது.

உடல்நலக் காரணம் சொல்கிறவரிடம் மருத்துவரின் கடிதம் கேளுங்கள். எந்த ஊசி, என்ன காரணம், எவ்வளவு காலம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். சளி, இலேசான காய்ச்சல், குறைமாதத்தில் பிறந்தது ஆகியவை நிரந்தர விலக்குக்குக் காரணமாகா. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2015-ல் நம்பிக்கையின் பேரால் கொடுத்துவந்த விலக்கை நிறுத்தியது. உடனே மருத்துவர் கடிதங்கள் பெருகின. அக்கடிதங்களைச் சரிபார்க்க 2019-ல் இன்னொரு சட்டம் செய்ய வேண்டி வந்தது. ஒரு கதவை மூடினால் மறு கதவைத் தேடுவது மனித சுபாவம். சந்தேகமிருந்தால் சர்க்கார் கிளினிக் மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. மருத்துவக் காரணத்தால் விலக்குப் பெற்ற பிள்ளையின் விவரத்தை மட்டும் லயத்துப் பேச்சாக்கிவிடாதீர்கள். அது அந்தக் குடும்பத்தின் இரகசியம்.

ஊசி இல்லாத பிள்ளைகளின் பெயரைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தட்டம்மை என்று ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தாலே சுகாதார இலாகாவுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, அந்தப் பெயர்களை முதலில் பாருங்கள். நோயாளியோடு பழகிய எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் அப்போதுகூடக் காப்பாற்ற வழியுண்டு. போடாத பிள்ளையைச் சுகாதார இலாகா சொல்லும் நாள்வரை வீட்டில் வைத்திருக்க வேண்டி வரும். அதைச் சேர்க்கும்போதே பெற்றோருக்குச் சொல்லி வைப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு, குறித்த காலமும் கடந்து, மருத்துவக் காரணமும் இல்லாமல் "வேண்டாம்" என்றே நிற்கும் பெற்றோரை என்ன செய்வது? இதைச் சொல்ல நமக்கு மனம் கூசத்தான் செய்கிறது. இடமில்லை என்றால் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மூத்த அக்காள் பள்ளிக்கு நின்றுவிடுவாள், அல்லது தாய் வேலையை விடுவாள். இந்தத் துயரத்தை அறிந்தே கூறுகிறோம்: ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைகள் கிடக்கும் கொட்டகையில் அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுக்க முடியாது. கைக்குழந்தைகள் இல்லாத வேறு ஏற்பாடு இருந்தால் அதைக் கிளை தேடிக் கொடுக்கட்டும். கதவைச் சாத்திவிட்டோம் என்று இராமல், வாரம் ஒருமுறை போய்ப் பேசட்டும். பிள்ளைக்கு ஆறு வயது கடந்தால் 2003 முதல் நடப்பிலுள்ள கட்டாயக் கல்வியின்படி அதற்குப் பள்ளியில் இடம் உண்டு. அங்கே யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆகவே பேசித் திருத்துவதற்குரிய காலம் இந்தக் கொட்டகைக் காலமே.

நிர்வாகத்துக்கும் சர்க்காருக்கும்

தாய்மாரிடம் ஒழுங்கு கேட்கும் நாம் முதலாளிமாரிடமும் ஒன்று கேட்கிறோம். ஒன்பது தடவை கிளினிக்குக்குப் போகும் தாய்க்கோ தந்தைக்கோ ஒன்பது அரைநாள் சம்பளத்துடன் கொடுங்கள். கொட்டகையில் நோய் புகுந்து பத்துத் தாய்மார் பத்து நாள் வேலைக்கு வராவிட்டால் ஏற்படும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு பெரிய செலவன்று. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இந்தக் கோரிக்கை முன் வரிசையில் இருக்க வேண்டும் என்பது நம் உறுதியான அபிப்பிராயம். தொலைவிலுள்ள தோட்டங்களுக்கு மாதம் ஒருமுறை நர்ஸ் வண்டி வருமாறு சுகாதார இலாகாவையும், பத்திரமில்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமின்றி ஊசி போடுமாறு சர்க்காரையும் வேண்டிக்கொள்கிறோம். வழியை அடைத்துவைத்துவிட்டு, வரவில்லையே என்று ஏழைத் தாயைக் குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம்?

கிளைச் செயலாளர்களே, வரும் மாதக் கூட்டத்தில் ஆயாவையும் கிளினிக் நர்ஸையும் அழையுங்கள். மாதர் பகுதித் தோழியர் வீடு வீடாகச் சென்று எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஊசி தவறியிருக்கிறது என்று கணக்கெடுக்கட்டும். கடிதம் எழுதிய அந்தத் தாயின் வீட்டுக்கும் போகட்டும். அவள் நம் பகைவர் அல்லள், நம் உறுப்பினர்.

சந்தாப் புத்தகத்தில் பெயர் எழுதாத, வாய் திறந்து குறை சொல்லத் தெரியாத ஓர் உறுப்பினர் நம் ஒவ்வொரு தோட்டத்திலும் தூளியில் கிடக்கிறார். அவருக்காகப் பேசுவது சங்கத்தின் கடமை.